அரை விரல்

ஆகஸ்ட்டில் கையில் தோற்றேன்.
முழங்காலில் தேறினேன், தோளிலும் தேறினேன்.
கையில் மட்டும் ஏழுக்கு மூன்று; நாலு வேண்டும்.
மறுதேர்வு அக்டோபர் ஒன்பது, காலை எட்டு
என்று உடற்கூறியல் கூடத்தின் கதவில் ஒட்டியிருந்தார்கள்.
மகெல்லன் நீரிணைக் காற்று
தாளின் ஒரு மூலையைப் பிய்த்துப் போயிருந்தது,
என் பெயரில் பாதியோடு.

மணிக்கட்டில் எட்டு எலும்பு.
பெயர் வைத்தவனுக்குப் பசி நேரமாய் இருந்திருக்கும்.
ஒன்றைப் பட்டாணி என்றான்,
ஒன்றைச் சின்ன மேசை என்றான்.
பேருந்தில் இடக்கையை வலக்கையால் அழுத்தி
தோணி, பிறை, முக்கோணம், பட்டாணி
என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன்.
ஜெபம் என்று நினைத்து
எதிர் இருக்கைக்காரர் ஒரு நாள் தொப்பியைக் கழற்றினார்.

இரவில் நண்டு ஆலை.
இரண்டாம் வரிசை, ஐந்தாம் இடம்.
வெந்த ராஜநண்டின் காலை முறித்து, ஓட்டை நசுக்கி,
சதை உடையாமல் உருவ வேண்டும்.
உடைந்தால் அது இரண்டாம் தரம், கூலியும் அப்படியே.
நண்டுக்கு எலும்பு வெளியே.
உள்ளே இருப்பதற்குப் பெயர் சொல்லு என்று
யாரும் கேட்பதில்லை.

மூன்று மணிக்கு மேல்
வரிசை முழுக்கக் கையை உதறும்.
ஒதிலியா உதறுவாள். எதிரே க்ளோரிண்டா உதறுவாள்,
ஈரம் என் கன்னத்தில் தெறிக்கும்.
குளிர் என்போம்.
புந்தா அரேனாஸில் எதற்கும் குளிர் என்று சொல்லிவிடலாம்,
மேற்கொண்டு கேள்வி வராது.

அக்டோபர் ஒன்பது. தூக்கமில்லை,
நகக்கண்ணில் நண்டு வாடை.
காற்றுக்காகத் தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்து நடந்தேன்.
பிடித்திருப்பது தெரிகிறது,
கயிறு தெரியவில்லை.

கூடத்தில் பதினெட்டு மேசை, மேசைக்கு ஒரு நிமிடம்.
ஏழாவதில் ஒரு கை.
யாரோ தந்துவிட்டுப் போனது. உள்ளங்கை மேலே,
கேட்பது போலவும் இல்லை, கொடுப்பது போலவும் இல்லை.
மணிக்கட்டின் பட்டையை விலக்கி
ஊசியில் சிவப்புக் கொடி குத்தியிருந்தது.
ஒன்பது தசைநாண்களுக்கு இடையே
வெளுத்த ஒற்றை நரம்பு,
கடைசிப் பேருந்தில் நசுங்கி நிற்கிறவளைப் போல.
நடு நரம்பு என்று எழுதினேன்.
இது நெரிபட்டால் எந்த விரல்கள் மரத்துப்போகும்?
அந்தப் பக்கத்தை நான் புரட்டியதே இல்லை.
பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன்.
கட்டைவிரல். சுட்டுவிரல். நடுவிரல்.
மோதிர விரலில் பாதி,
நடுவிரலை ஒட்டிய பாதி.
சுண்டுவிரல் விழித்திருந்தது.
மணி அடித்தது.

பேராசிரியை யாஸ்னா மிமிட்சா
தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"அந்தப் பாதியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.
நீ எப்படிப் படித்தாய்?"
"இரவில்" என்றேன்.

அன்று இடைவேளையில் கேட்டேன்:
எங்கே மரக்கிறது, தொட்டுக் காட்டுங்கள்.
ஒதிலியா கையுறையைக் கழற்றினாள்.
இது, இது, இது. அப்புறம்
மோதிர விரலின் நடுவே நகத்தால் கோடு இழுத்தாள்:
"இந்தப் பக்கம் மட்டும்."
யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இதற்குப் பேர் இருக்கிறதா?"
இருக்கிறது.
"பேர் வந்தால் விடுப்பு வருமா?"
கேட்டவள் க்ளோரிண்டா, இருபத்திரண்டு பருவம் உரித்தவள்.
அந்தப் பாடம் நான்காம் ஆண்டில் என்றேன்.
ஒருத்தி சிரித்தாள். க்ளோரிண்டா சிரிக்கவில்லை.

பிறகு செய்து காட்டினேன்.
புறங்கையோடு புறங்கை, விரல்கள் தரையைப் பார்க்க,
கவிழ்த்துப் பிடித்த கும்பிடு.
ஒரு நிமிடம் பிரிக்கக் கூடாது.
ஒன்பது பெண்கள், ரப்பர் அங்கியோடு,
மைக்ரோவேவில் யாருடைய சூப்போ சுற்ற,
அதன் எண்கள் ஐம்பது, நாற்பத்தொன்பது என்று இறங்க,
யாரையும் கும்பிடாமல் நின்றோம்.
முப்பதில் ஒதிலியா கையைப் பிரித்தாள்.
இருபத்தாறில் நான்.

மேற்பார்வையாளர் கதவைத் திறந்து
என்ன இது என்றார்.
க்ளோரிண்டா கையை இறக்கவில்லை.
"பதினொன்று" என்றாள்.
"பத்து."